இவர் உங்களுக்கு என்ன வேணும்?

தெற்கு வீதி, சிதம்பரம்
9.6.2025

திரு. தேவநாதன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இதற்கு முன் உங்களுக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் நான் 'திரு' போட்டதில்லை. 'நீங்கள்' என்றும் எழுதியதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் புதிதாகப் பழகுகிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் நலம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. இயந்திரம் என்னைவிட நலம். மூக்குக்கண்ணாடிக் கடையைப் பாதி நேரம் சாய்ரா பார்த்துக்கொள்கிறாள். அவள் வந்த பிறகு வியாபாரம் ஜாஸ்தி என்பதை அவளிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கிட்னி கொடுப்பவரையும் பெறுபவரையும் விசாரிக்கும் குழுவின் முன் போன வாரம் சென்னையில் நாம் இருவரும் ஆஜரானோம். முதலில் உங்களைத் தனியாகக் கூப்பிட்டார்கள். நீங்கள் சிரித்த முகத்தோடு வெளியே வந்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டினீர்கள். அடுத்து நான் போனேன். குழுவில் ஓர் அம்மையார் இருந்தார். அவர் போட்டிருந்த கண்ணாடிக்குப் பவர் மாற்ற வேண்டும். அவர் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க மச்சான்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இவர் உங்களுக்கு என்ன வேணும்னு அவர்கிட்ட கேட்டோம். ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டாரே."

"சரியா காதுல விழுந்திருக்காதும்மா," என்றேன்.

"ரெண்டு தடவ கேட்டோம். ஒண்ணுமே இல்லியான்னு கேட்டோம். ஒண்ணுமே இல்லன்னு புள்ளைங்க மேல சத்தியம் பண்றாரு."

சத்தியத்துக்கு மேல் நான் என்ன சொல்ல? "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது. நெருக்கத்துக்குச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். திரும்பி வரும்போது திண்டிவனத்தில் பஸ் நின்றது. நீங்கள் இறங்கிப் போய்ப் போண்டா சாப்பிட்டீர்கள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

கொடுக்க மனமில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். நானாகக் கேட்கவில்லை. சாய்ராவுக்குச் சர்க்கரை, எங்கள் சமீராவுக்கு வயது பத்தொன்பது, ஆகவே வேறு யாரும் இல்லை என்று தெரிந்த அன்று நீங்களாகக் கடலூரிலிருந்து வந்து "நான் தரேன்" என்றீர்கள். எங்கள் அத்தாவின் ஜனாஸாவில் தோள் கொடுத்துப் பள்ளிவாசல் வரை நடந்தவர் நீங்கள். என்ன உறவு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். வாட்ஸ்அப்பிலும் உங்களைத் தடுத்துவிட்டேன். எப்படித் தடுப்பது என்று சமீரா சொல்லிக்கொடுத்தாள். யாரை என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

உங்கள் கிட்னி எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஒன்றும் வேண்டாத
ஹபிபுல்லா


மஞ்சக்குப்பம், கடலூர்
13.6.2025

மச்சான்,

'திரு' போட்ட கடிதம் கிடைத்தது. வருமான வரி நோட்டீஸ் என்று நினைத்து ஜான்சி பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள். அதனால் பதில் ஒரு நாள் தாமதம்.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்த அறையில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் பேசாதே. கடிதம் என்பதால் உன்னால் பேசவும் முடியாது.

ஆஸ்பத்திரியில் எனக்கு எல்லாரும் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று. அந்தக் குழு பார்ப்பது பணம் கைமாறுகிறதா என்பதைத்தான், வேறு எதையும் இல்லை. ஆகவே ஜான்சி எனக்குப் பயிற்சி கொடுத்தாள். நம் டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளர் சீட்டில் அவள் குழுவாக உட்கார்ந்தாள். எல் போர்டு மாட்டிய வண்டியில் டிரைவர் சீட்டில் நான்.

"இன்னா வேணும் உனுக்கு?" என்று குழு அதட்டும்.

"ஒண்ணும் வேணாம்மா."

"நெலம் கிலம் எழுதித் தராங்களா?"

"ஒண்ணும் வேணாம்மா."

"மூஞ்சிய ஏன் திருடனாட்டம் வச்சிக்கற? சிரிச்சிக்கினே சொல்லு."

ஒரு வாரம் இப்படி. அந்த அறையில் போய் உட்கார்ந்ததும் அந்த அம்மா முதல் கேள்வியாக, "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். முதல் பாதி என் காதில் விழவில்லை. 'என்ன வேணும்' மட்டும் விழுந்தது. நான் படித்துவிட்டுப் போன பதிலுக்குப் பொருத்தமான கேள்வி பரீட்சையில் வந்தது என் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் வேணாம்மா," என்றேன். "ஒண்ணுமே இல்லியா?" என்றார். பத்து பைசா கூட இல்லையா என்று கேட்கிறார் என நினைத்துப் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். அசத்திவிட்டோம் என்று போண்டா சாப்பிட்டேன். இதுதான் என் குற்றம்.

உன் கடிதம் வந்த அன்று நம் பழைய நாவல்களை இறக்கி வைத்து உட்கார்ந்தேன். இந்த ஒரு சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று பார்த்துவிடுவது என்று முடிவு. 'மரகதவல்லி அல்லது மாறிப்போன மணமாலை' உனக்கு நினைவிருக்கும். மிராசுதாரைப் பார்த்து அவள், "உமது நஞ்சையும் வேண்டாம், புஞ்சையும் வேண்டாம், எனக்கு அவரே வேண்டும்," என்கிறாளே, அது ஆசை. அதே மரகதவல்லி நாற்பது பக்கம் தள்ளி, ஆசைப்பட்டவனையே கட்டிக்கொண்டு, அவன் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுகிறாள். மாமியார் எட்டிப் பார்த்து, "உனக்கு நன்றாக வேண்டும்," என்கிறாள். அங்கே யாருக்கு என்ன ஆசை? குடம் வேறு நசுங்கிவிட்டது.

'பாளையத்துப் புலி'யில் தளபதி ஓடிவந்து ராஜாவிடம் சொல்வது இன்னும் மோசம். "பிரபு, தங்களுக்கு வேண்டியவர்களே தங்களுக்கு வேண்டாதவர்கள்!" வேண்டியவர் என்றால் நெருங்கியவர், வேண்டாதவர் என்றால் பகைவர் என்று பிரித்துப் புரிந்துகொள்ள ராஜாவுக்கு முக்கால் பக்கம் ஆகிறது. அதற்குள் எதிரி அகழியைத் தாண்டிவிட்டான். ராஜ்ஜியம் போயிற்று மச்சான். ராஜாவுக்கே இந்தக் கதி என்றால் கியர் மாற்றக் கற்றுக்கொடுப்பவன் நான் என்ன செய்ய?

நான் வேணும்னே சொல்லவில்லை. (பார், இங்கேயும் வந்துவிட்டது. இது 'திட்டமிட்டு' என்ற பொருளில்.)

குழு மறுபடி கூப்பிடும் என்று சொன்னார்கள். சான்று தேட வேண்டும். (இது 'கட்டாயம்'.) நீ வேண்டாம் என்று எழுதியதை நான் படிக்கவில்லை. அந்த வரியில் ஜான்சி வைத்த குங்குமம் கொட்டியிருந்தது.

தேவநாதன்


சிதம்பரம்
19.6.2025

தேவநாதன்,

'திரு'வை எடுத்துவிட்டேன். மற்றதைப் பிறகு யோசிக்கிறேன்.

உன் கடிதம் வந்தபோது நான் டயாலிசிஸில் இருந்தேன். ஒரு கை குழாயில் மாட்டியிருந்ததால் சாய்ரா உரக்கப் படித்துக் காட்டினாள். ஜான்சி குழுவாக உட்கார்ந்த இடம் வந்ததும் பக்கத்துக் கட்டில்காரர் சிரித்து, அவர் இயந்திரம் கத்தி, சிஸ்டர் ஓடிவந்து எல்லாரையும் திட்டினாள். இனிமேல் சோகமாக எழுது.

மரகதவல்லி உதாரணத்தில் உனக்கு அரை மதிப்பெண்தான். சின்ன வயதில் அந்தக் கிணற்றடிக் காட்சியைப் படித்தபோது, மாமியார் அவளுக்கு நல்லது வேண்டுகிறாள் என்றே நினைத்தேன். 'நன்றாக' என்று இருக்கிறதே! எவ்வளவு தங்கமான மாமியார் என்று உம்மாவிடம் போய்ச் சொன்னேன். உம்மா தன் மாமியார் காதில் விழாதபடி கதவைச் சாத்திவிட்டு எனக்கு விளக்கினார்கள்.

ஆனால் உனக்குச் சாதகமான உதாரணம் ஒன்று இருக்கிறது. நீ மறந்துவிட்டாய். எனக்கு நினைவு வந்து ஒரு நாள் முழுவதும் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதினால் உன் மேல் கோபமாக இருக்க முடியாது.

நான் குவைத்துக்குப் போன வருஷம் 'இரட்டைச் சாவி மாளிகை'யைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். ஜமீன்தாரைக் கொன்றது யார் என்று தெரியாமல் பாலைவனத்தில் தூக்கம் வரவில்லை. படித்து எழுதச் சொல்லி உனக்குக் கடிதம் போட்டேன். நீயும் எழுதினாய். கொன்றது அக்காள் மகன் என்று எழுதினாய். அவனை நான் இரண்டு வருஷம் வெறுத்தேன். நான் வேலை பார்த்த ஸ்டோரில் அவன் பெயரில் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தான். அவனிடம்கூட நான் சரியாகப் பேசியதில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், கொன்றவன் சமையற்காரன்.

எப்படித் தப்பினாய் என்று அன்றைக்கே கண்டுபிடித்தேன். இன்ஸ்பெக்டர் சமையற்காரனிடம், "காலஞ்சென்ற ஜமீன்தார் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறார். "எனக்கு ஒன்றும் வேண்டாம்," என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் ஜமீன்தாரின் ரகசிய மகன். உறவை மறைக்கிறான். கதை முழுவதும் அந்த ஒரு வரியில் தொங்குகிறது. நீ எனக்கு எழுதியது என்ன தெரியுமா? "சமையல்காரன் தங்கமான ஆள் மச்சான், ஜமீன் சொத்துல ஒண்ணும் வேணாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டான்."

முப்பது வருஷம் கழித்து அதே சொல்லில், அதே பள்ளத்தில், அதே ஆள் விழுந்திருக்கிறான். இதை வேண்டுமென்றே யாராலும் செய்ய முடியாது. குழுவின் முன் இதைச் சான்றாக வைக்க முடியாது என்பதுதான் குறை.

ஆகவே கோபம் போய்விட்டது. போனை இன்னும் எடுக்க மாட்டேன். அது கோபத்தால் அல்ல. கடிதத்தில் நீ பேசினால் பாதியில் மடித்து வைத்துவிட்டுப் படுக்க முடிகிறது.

கிட்னி மட்டும் வேண்டாம். இது குங்குமம் கொட்டாத இடத்தில் எழுதியிருக்கிறேன், படி. அந்த அறையிலிருந்து எழுந்து வந்தபோது எனக்கு வருத்தம் இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதை உன்னிடம் மறைக்க முடியாது. குவைத்திலிருந்து வரும்போதெல்லாம் நான்தான் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்தவன். உனக்குக் கடிகாரம், ஜான்சிக்குச் சேலை. கொடுக்கத் தெரியும். வாங்கத் தெரியாது. அதுவும் உன் உடம்பை அறுத்து எடுப்பதை எந்த முகத்தோடு வாங்குவது? உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஜான்சியின் எதிரில் நான் எப்படி நிற்பேன்? திருப்பித் தரக்கூடிய பொருளாக இருந்தாலும் பரவாயில்லை.

ஹபிபுல்லா


கடலூர்
26.6.2025

மச்சான்,

சமையல்காரனை வைத்து இப்படியா என் முதுகில் குத்துவாய்? அந்த நாவலை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீ சொல்வது சரி. ஆனால் அக்காள் மகனும் யோக்கியன் இல்லை. சாவி அவன் சட்டைப் பையில் ஏன் இருந்தது என்று கடைசி வரை யாருமே கேட்கவில்லை.

வாங்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அது ஊருக்கே தெரியும். உன் வீட்டில் சாப்பிட்டவன் நான். சாய்ரா குழம்பு வேணுமா என்பாள், நீ வேணாம் என்பாய். அவள் ஊற்றுவாள், நீ சாப்பிடுவாய். உன் 'வேணாம்' என்றால் 'கொஞ்சம் கெஞ்சு' என்று பொருள். எந்த நாவலிலும் இல்லாத பொருள் அது. உன் வீட்டுச் சாப்பாட்டுப் பாயில் மட்டும் வழங்குவது. ஆனால் நீ வேணாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சர்ஜன் கெஞ்ச மாட்டார். அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவருக்கு உன் வீட்டு அகராதி தெரியாது.

ஜான்சியின் எதிரில் எப்படி நிற்பேன் என்று கேட்டாய். அவளிடமே கேட்டேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எனுக்கு எதுனா ஆயிட்டா உங்க அண்ணன் உன் எதுர்ல எப்பிடி நிப்பேன்றாரு."

"உனுக்கு ஒண்ணும் ஆவாது. ரத்தம், சோதனை, ஸ்கேன்னு எல்லாம் பாத்துட்டு டாக்டரு இன்னா சொன்னாரு? எரும மாதிரி இருக்கன்னாரு."

"அப்பிடியா சொன்னாரு?"

"இங்கிலீசுல சொன்னாரு. அண்ணனுக்கு எழுது, எங்கூட்டாளு ஒரு கிட்னிய வச்சிக்கினே நாலு பேரு தூக்கத்த கெடுப்பாரு, ரெண்டு எதுக்குன்னு."

அப்படியே எழுதிவிட்டேன். ஆனால் பயம் இல்லை என்று சொன்னால் பொய். அவளுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. பயந்துகொண்டே வண்டி ஓட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நன்றாகவே ஓட்டுகிறார்கள்.

இனி நான் சொல்வதைச் சிரிக்காமல் படி.

நீ குவைத்திலிருந்து கேட்டு எழுதினாயே, அந்த 'இரட்டைச் சாவி' நான் வாழ்க்கையில் படித்த முதல் புத்தகம். அதுவரை நான் படித்தது பஸ் போர்டும் சினிமா போஸ்டரும். உனக்குச் சொல்வதற்காக எழுத்துக் கூட்டிப் படித்தேன், தப்பாகப் படித்தேன், கொலைகாரனையே மாற்றிவிட்டேன். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அடுத்தது என்ன என்று நீ கேட்டாய், நான் படித்தேன். அடுத்தது என்ன என்று நானே கேட்க ஆரம்பித்த நாள் எது என்று நினைவில்லை.

எங்களுக்கு முதல் குழந்தை தங்காமல் போன வருஷம் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை. பேசினால் அதுதான் வரும். அப்போது ஜான்சிக்கு நான் மரகதவல்லியை உரக்கப் படித்தேன். மாமியார் வரும் இடத்தில் அவள் சிரித்தாள். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இந்த வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். நீ பெட்டியில் கொண்டுவந்த கடிகாரம் ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. இது நிற்கவில்லை.

அதை நீ எனக்குக் கொடுத்தபோது நான் வேணாம் என்று சொன்னேனா? எந்த முகத்தோடு வாங்குவது என்று கேட்டேனா? இருக்கிற முகத்தோடு வாங்கிக்கொண்டேன். வாங்குவது அவ்வளவுதான் மச்சான். வேறு முறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் இருபத்தொன்றாம் தேதி குழு கூப்பிட்டிருக்கிறது. நம் இரண்டு குடும்பமும் சேர்ந்து இருக்கும் படங்களைச் சாய்ராவை எடுக்கச் சொல். இந்த முறை உன்னிடமும் அதே கேள்வியைக் கேட்பார்களாம். பதில் யோசித்து வை. நான் சொல்லித்தர மாட்டேன். நான் சொல்லித்தந்தால் நீ அக்காள் மகனை உள்ளே தள்ளிவிடுவாய்.

தேவநாதன்


சிதம்பரம்
3.7.2025

மச்சான்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சாய்ராவிடம் கொடுக்கவில்லை. நானே படித்தேன்.

படங்கள் கிடைத்துவிட்டன. சமீராவின் காது குத்து, உன் தங்கை கல்யாணம், நம் இரண்டு அப்பாக்களும் புவனகிரிச் சந்தையில் மணிலாக் கடலை மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் படம். எல்லாப் படத்திலும் நீ எதையோ மென்றுகொண்டிருக்கிறாய். நெருக்கத்துக்கு அது சான்றாகுமா தெரியவில்லை. பசிக்கு ஆகும்.

இருபத்தொன்றாம் தேதி வருகிறேன். போனில் உன்னைத் தடுத்து வைத்திருந்ததையும் எடுத்துவிட்டேன். ஆனால் நீ எழுது.

ஹபிபுல்லா


கடலூர்
23.7.2025

மச்சான்,

விசாரணை முடிந்ததும் உன்னை நேராக டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாய்ராவின் தம்பி வீட்டில் தங்குவாய் என்றார்கள், ஆகவே நாங்கள் பஸ்ஸைப் பிடித்தோம். எங்கள் பக்கம் உள்ளே நடந்ததை நீ கேட்கவில்லை. எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதற்கும் ஒரு குழு வைப்பார்கள்.

இந்த முறை நானும் ஜான்சியும் சேர்ந்து போனோம். அதே அம்மையார், அதே கண்ணாடி. பக்கத்தில் ஒரு பெரியவர். கேள்வி வந்தது. நான் முழுக் கேள்வியையும் கேட்டு, மூச்சு விட்டு, "மச்சான் வேணும்," என்றேன்.

பெரியவர் இரண்டு பெயர்களையும் பார்த்தார். "தேவநாதன். ஹபிபுல்லா. எந்த வழியில மச்சான்?"

இந்தக் கேள்விக்கு நான் படித்துவிட்டு வரவில்லை. புவனகிரியில் நம் இருவர் வீடும் ஒட்டி இருந்தது, அப்பாக்கள் மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று ஆரம்பித்தேன். அது எங்கேயோ மணிலாக் கொட்டை விலைக்குப் போய்விட்டது. ஜான்சி என் தொடையில் கிள்ளிவிட்டு முன்னால் நகர்ந்தாள்.

"சார், எனுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாது. கல்யாணமாகி வந்த நாள்லேந்து அவுங்கள நான் அண்ணன்னுதான் கூப்புடறேன். என் தலப்பிரசவத்துக்கு சீர் கொண்டாந்தது அவுங்கதான். கொழந்த தங்கல. அப்பவும் வந்து நின்னது அவுங்கதான். இப்ப நீங்களே சொல்லுங்க. என் அண்ணன் என் வூட்டுக்காரருக்கு இன்னா வேணும்?"

பெரியவர் யோசிக்கவே இல்லை. "மச்சான்," என்றார். சொல்லிவிட்டு, சொன்னது தான்தான் என்று தெரிந்து அம்மையாரைப் பார்த்தார். அம்மையார், "நீங்களே சொல்லிட்டீங்க, எழுதிக்கலாம்," என்றார்.

சீர் கொண்டுவந்ததை நீ என்னிடம் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானும் மறந்தே போனேன். ஜான்சி மறக்கவில்லை. பஸ்ஸில் அவளிடம், இதையெல்லாம் எப்போது யோசித்து வைத்தாய் என்று கேட்டேன். "யோசிக்க இன்னா இருக்குது, நடந்ததுதானே," என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

அடுத்து உன்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். நீ வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கேட்டேன், தூசி என்றாய். ஏசி அறையில் ஏது தூசி? நீ என்ன சொன்னாய்?

தேவநாதன்


தெற்கு வீதி, சிதம்பரம்
18.10.2025

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று நீ வந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். சாய்ரா முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலிலேயே உன்னை நிறுத்தியதையும் பார்த்தேன். தவறாக நினைக்காதே. இன்னும் கொஞ்ச நாள் யாரையும் கிட்டே விடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வாசல் காக்கும் கொத்தவால் வேலையை அவள் விரும்பிச் செய்கிறாள். என் சொந்தத் தம்பியை மாடிப்படியிலிருந்தே திருப்பி அனுப்பினாள். உன்னிடம் மட்டும், "கிட்னி உள்ளதான் இருக்குது, நீங்கதான் வெளிய நிக்கணும்ண்ணே," என்று சமாதானம் சொன்னாளாம். நீ தலையாட்டிவிட்டு, எனக்குத் தின்னக் கொண்டுவந்த பூரியான்கொட்டைப் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனாய். தையலைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். வலிக்கிறதா? ஜான்சியிடம் கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறாள். நீ உண்மையை எழுது.

உன் கிட்னி நன்றாக வேலை செய்கிறது. உன் பழக்கம் ஒன்றையும் விடவில்லை. விடியற்காலையில் எழுப்பிவிடுகிறது, ஒரு இடத்தில் உட்கார விடுவதில்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் சிஸ்டர் பக்கத்தில் தொங்கிய பையைக் காட்டி, "பாருங்க, வந்துடுச்சி," என்றாள். நம் நாவலாசிரியர்கள் சூரியோதயத்தை வர்ணித்திருக்கிறார்கள், சந்திரோதயத்தை வர்ணித்திருக்கிறார்கள், ராஜகுமாரியின் நடையை ஒன்பது பக்கம் வர்ணித்திருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு மனிதனுக்கு மூத்திரம் வருவதை வர்ணிக்கவில்லை. அவர்களுக்கு எப்போதும் வந்துகொண்டிருந்திருக்கிறது. அதனால் தெரியவில்லை.

இரண்டு வருஷமாகத் தண்ணீரை அளந்து குடித்தவன் நான். முந்தாநாள் ஒரு சொம்பு தண்ணீரை அப்படியே அண்ணாந்து குடித்தேன். சாய்ரா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் வேணுமா என்றாள். வேணும் என்றேன். அவள் கெஞ்சுவதற்குத் தயாராக வாயைத் திறந்திருந்தாள். திறந்தபடியே உள்ளே போய்ச் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

உனக்கு நன்றி என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அந்தச் சொல்லைக் கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறேன். கண்ணாடி துடைக்கும் துணி இலவசமாகக் கொடுக்கும்போது அவர்களும் எனக்குச் சொல்கிறார்கள். உனக்கு வேறு சொல் தேடினேன். பழைய நாவல்களில் உயிர் பிழைத்தவன் காலில் விழுகிறான், அல்லது பாதி ராஜ்ஜியத்தைக் கொடுக்கிறான். என் ராஜ்ஜியம் தெற்கு வீதியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதிலும் பாதி சாய்ராவிடம் போய்விட்டது. ஆகவே நீ ஜூலையில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். பெரியவர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜான்சியிடம் மாட்டிக்கொண்ட பிறகு அவர் அதிகம் பேசவில்லை. அந்த அம்மையார்தான் கேட்டார்.

"தேவநாதன் உங்களுக்கு என்ன வேணும்?"

கேள்வி இதுதான் என்று மூன்று வாரமாகத் தெரியும். பதிலும் தெரியும். பஸ்ஸில் வரும்போது பல முறை சொல்லிப் பார்த்தேன். ஆனால் அங்கே உட்கார்ந்ததும் சட்டென்று வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் யார் முன்னாலும் உட்கார்ந்து 'வேணும்' என்ற சொல்லை நான் சொன்னதில்லை. அத்தாவிடம் சொன்னதில்லை, குவைத்தில் முதலாளியிடம் சொன்னதில்லை. அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. நல்ல மனுஷி. பவர் மாற்றச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

"மச்சான் வேணும்," என்றேன்.

சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். பக்கத்தில் இருந்த கிளார்க் 'உறவு: மச்சான்' என்று எழுதிக்கொண்டார்.

நான் சொன்னதில் அது பாதிதான்.

ஹபிபுல்லா